பாக்குக் கிடங்கும் முந்திரிக்கொல்லையும்

போன மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாசகர் வட்டம் கூடியபோது, புதிதாக வந்திருந்த கல்லூரி மாணவி ஒருவர் என்னைக் கேட்டார்: "ஐயா, நீங்கள் இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? அதில் மனதுக்குப் பிடித்திருப்பது எது?" கூட்டம் முடியும் நேரம் அது. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிட்டார்கள். இரண்டு பெயர்களைச் சொல்லி அவரை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூலகத்தில் வேலை பார்த்தவன் நான். "எது நல்ல புத்தகம்?" என்று ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். "உங்களுக்கு எது பிடித்திருக்கிறது?" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். இதோ எழுதுகிறேன், அம்மா.

இப்போது மூன்று புத்தகங்கள் கையில் இருக்கின்றன. விடியற்காலையில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. சாப்பாட்டுக்குப் பிறகு கண்மணி குணசேகரனின் 'நடுநாட்டுச் சொல்லகராதி'. இரவில் அதே எழுத்தாளரின் 'அஞ்சலை' நாவல். அதை நான் எனக்காகப் படிக்கவில்லை, என் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். மூன்றும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே உள்ள மண்ணைச் சேர்ந்தவை. திட்டம் போட்டு இப்படிச் சேர்க்கவில்லை. ஒன்றைப் படிக்கையில் இன்னொன்று தேவைப்பட்டது, எடுத்தேன்.

முதலில் நாட்குறிப்பு. ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் பிறந்தவர். சென்னைப் பெரம்பூரிலிருந்து சிறுவயதில் புதுச்சேரிக்கு வந்தார், வணிகராக வளர்ந்தார், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்சுக்குத் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் முகவரும், ஆனார். 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழும் தறுவாயில் கண்மூடும் வரை, ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் எழுதியிருக்கிறார். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, வந்த கப்பல், போன கப்பல், கோட்டையில் எத்தனை பீரங்கி முழங்கியது, யாருக்கு மரியாதை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று எல்லாம் அதில் இருக்கும். தமிழ்த் தேதியும் வருடப் பெயரும் ஐரோப்பியத் தேதியோடு சேர்ந்தே வரும். 1748 என்று நாம் படிப்பது அவருக்கு விபவ வருஷம்.

இந்த நாட்குறிப்பின் கதையிலேயே ஒரு வருத்தம் இருக்கிறது. தமிழர் ஒருவர் தமிழில் எழுதியது. ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்து முடிந்த பிறகே தமிழ் மூலம் நூலாக அச்சேறத் தொடங்கியது. நம் வீட்டுக் கணக்கை அடுத்த வீட்டுக்காரர் முதலில் படித்துவிட்டார். இப்போது மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த 12 தொகுதிகள் தமிழில் முழுதாகக் கிடைக்கின்றன. அந்த உழைப்புக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

நான் இப்போது 1748 ஆவணி, புரட்டாசியில் இருக்கிறேன். ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட மாதங்கள். கடலூர்க்காரருக்கு இந்தப் பக்கங்கள் தரும் அனுபவம் வேறு யாருக்கும் கிடைக்காது. பிள்ளைவாள் புதுச்சேரியில் உட்கார்ந்து பதற்றத்தோடு எழுதுகிறார், எதிரி புறப்பட்டு வருகிறான் என்று. எங்கிருந்து? நம் தேவனாம்பட்டணத்திலிருந்து. இன்று நீங்களும் நானும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் காற்று வாங்கப் போகும் வெள்ளிக் கடற்கரை ஓரத்தில்தான் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமான பிறகு அதுதான் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம். 1690-ல் அந்தக் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்கள் தங்களுக்கு என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று இன்றும் சொல்லும் பெயர்கள் அப்படி வந்தவை. ஆட்டோக்காரரிடம் "குண்டு சாலைக்குப் போக வேண்டும்" என்று சொல்லி ஏறுகிறோம். ஒரு பீரங்கிக் குண்டின் தூரத்தைத்தான் சொல்கிறோம்.

முற்றுகைக்குப் புறப்பட்ட படை அரியாங்குப்பம் வழியாகப் போனது. அங்கே பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த சிறு கோட்டையைப் பிடிப்பதற்குள் ஆங்கிலேயர் நிறைய நாட்களையும் ஆட்களையும் இழந்தார்கள். கடைசியில் உள்ளே வெடிமருந்து பற்றிக்கொண்டு பிரெஞ்சுக்காரர்களே அதைக் கைவிட வேண்டியதாயிற்று. பிறகு புதுச்சேரி மதிலைச் சுற்றிப் பள்ளம் வெட்டிச் சுட்டுப் பார்த்தார்கள். ஐப்பசியை நெருங்க, மழை பிடித்துக்கொண்டது. படை திரும்பிவிட்டது. மாதம் இரண்டு முறை நான் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகும் வழி இதே வழிதான். போன வாரம் அரியாங்குப்பத்தில் பஸ் நின்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தள்ளி மூடினேன். மடியில் நாட்குறிப்புத் தொகுதி. அந்த ஐந்து நிமிடத்தில் அதைப் பிரிக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த ஊர் வடகிழக்குப் பருவமழையிடம் ஒரு சாம்ராஜ்யப் படையே தோற்றுத் திரும்பியது என்பதைப் பாடப்புத்தகம் எனக்கு ஒருநாளும் இப்படிப் புரியவைத்ததில்லை.

இந்த நாட்குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் போர்க்களம் அல்ல, பாக்குக் கிடங்கு. பிள்ளைவாள் கோட்டைக்குப் போவார், துரையைப் பார்ப்பார், திரும்பி வந்து தம் பாக்குக் கிடங்கில் உட்காருவார். செய்திகள் அங்கே வந்து சேரும். நவாபு வீட்டுச் சேதி, கப்பல் சேதி, அடுத்த தெருவில் நடந்த சண்டை எல்லாம் அந்தக் கிடங்கில் ஒரே விலைக்கு இறங்கும். அவர் எதையும் விடமாட்டார். 1745-ல் ஒழுகரையில் கனகராய முதலியார் தம் மகன் நினைவாகக் கட்டிய தேவாலயத்துக்காக ஊரையே அழைத்து விருந்து போட்டதையும் எழுதுகிறார். மறுவருடம் அதே கனகராய முதலியார் இறந்துபோனதும், அவர் வகித்த துபாஷிப் பதவி யாருக்கு என்ற இழுபறியையும் எழுதுகிறார். அந்தப் பதவிக்காக அவர் காத்திருந்த மாதங்களைப் படிக்கும்போது ஒரு மனிதனின் நெஞ்சுத் துடிப்பு கேட்கிறது.

அவரை நான் வழிபடவில்லை. தற்பெருமை உண்டு. சாதிக் கணக்கு எப்போதும் மனதில் ஓடுகிறது. துய்ப்ளெக்சின் மனைவி மீது அவருக்கு இருந்த வெறுப்பு பல பக்கங்களில் அனலாக வீசுகிறது. அந்த இடங்களில் அவர் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. ஏழைகளைப் பிடித்து அடிமைகளாக விற்ற செய்தியையும் அவர் எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று நான் மேலே போகவில்லை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1748 முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுதியிருக்கும் பக்கங்களில் கையாலாகாத ஒருவரின் வேதனை தெரிகிறது. கவர்னருக்கு மிக நெருங்கிய தமிழரால்கூட அதைத் தடுக்க முடியவில்லை. அதிகாரத்துக்கு எவ்வளவு அருகில் நின்றாலும் அது தன் அதிகாரம் ஆகிவிடாது என்பதை அவரே தம் கைப்படப் பதிந்து வைத்திருக்கிறார்.

அவருடைய தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது புலவர் தமிழ் அல்ல. துறைமுகத் தமிழ். பிரெஞ்சுத் துரையை முசே என்பார், கும்பெனியாரைக் கும்பினீர் என்பார், படைவீரரைச் சொல்தாது என்பார். இந்தச் சொல்தாது எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்த சொல். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை இன்றும் 'சொல்தா' என்றுதான் சொல்கிறார்கள். 'சொல்தா வீடு' என்று அடையாளம் சொல்லி வழி காட்டுவார்கள். கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகளாக ஒரு சொல் அந்த ஊர்த் தெருவைவிட்டு நகரவில்லை.

நீங்கள் தொடங்குவதானால் முதல் தொகுதியின் முதல் பக்கத்தில் தொடங்காதீர்கள். தொடக்க ஆண்டுகளில் இடைவெளிகள் அதிகம். கப்பலும் சரக்கும் பழகாத கண்ணுக்குச் சலிப்புத் தரும். 1746-க்கு நேராகப் போங்கள். பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த ஆண்டு. அங்கிருந்து 1748 மழைக்காலம் வரை ஒரே மூச்சில் போகலாம். அதற்கும் முன்னால் ஒரு வாசல் வேண்டுமென்றால், பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டையும் படித்துவிடுங்கள். புதுச்சேரியில் பிறந்த அவர் இந்த நாட்குறிப்பிலிருந்தே அவற்றை எழுப்பினார். இரண்டாவது நாவலுக்கு 1995-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பிள்ளைவாள் பாராமல் விட்ட எளிய மனிதர்களைப் பிரபஞ்சன் பார்த்திருக்கிறார். ஆனால் நாவலோடு நின்றுவிடாதீர்கள். நாவலில் நடந்து முடிந்த கதை இருக்கும். நாட்குறிப்பில் நாளை என்ன நடக்கும் என்று எழுதியவருக்கே தெரியாது. அந்தத் தெரியாமையைத்தான் நான் தினமும் காலையில் தேடிப் போகிறேன்.

அடுத்தது அகராதி. அகராதியை யாராவது கதைப்புத்தகம் போலப் படிப்பார்களா என்று கேட்பீர்கள். நான் படிக்கிறேன், நாளைக்கு இரண்டு பக்கம். நடுநாடு என்பது சோழ நாட்டுக்கும் தொண்டை நாட்டுக்கும் நடுவில் உள்ள நம் பகுதி. தேவாரத் தலங்களைப் பிரிக்கும்போது 22 தலங்களை நடுநாட்டுக் கணக்கில் வைப்பார்கள். அப்பர் கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்டுக் கரையேறியதாகச் சொல்லும் திருப்பாதிரிப்புலியூரும் அதில் அடக்கம். இந்த மண்ணின் பேச்சுக்கு ஒரு தனி அகராதியை, விருத்தாசலம் பக்கம் மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் தொகுத்தார். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் தொழில்நுட்பப் பணியாளராக வேலை பார்த்தவர். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்குச் செய்ததை இவர் நம் வட்டாரத்துக்குச் செய்தார். கி.ரா.வும் கடைசி முப்பது ஆண்டுகளைப் புதுச்சேரியில்தான் கழித்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

என் பிரதியை நீங்கள் பார்த்தால் அதிர்ந்துபோவீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், புயல் கடந்த கையோடு தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அப்போது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மேல்தட்டுப் புத்தகங்கள் பிழைத்தன. கீழ்த்தட்டில் இருந்த நாற்பதும் போயின. அகராதி கீழ்த்தட்டில் இருந்தது. எடுத்தபோது செங்கல் போலக் கனத்தது. இரண்டு இரண்டு தாளாகப் பிரித்து, நடுவில் பழைய செய்தித்தாளைச் செருகி, மின்விசிறிக்குக் கீழே பன்னிரண்டு நாள் வைத்தேன். தினமும் செய்தித்தாளை மாற்றினேன். இப்போது அது இரு மடங்கு தடிமன். ஒவ்வொரு பக்கத்திலும் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. தாளைப் புரட்டினால் வண்டல் உதிர்கிறது. கடையில் புதுப் பிரதி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பன்னிரண்டு நாள் விரித்துக் காயவைத்தபோதுதான் இதை முதல் முறையாக முழுக்கப் படித்தேன், அதனால் இதுவே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு சொல்லின் வழக்கம் மட்டும் சொல்கிறேன். 'கொல்லை' என்றால் தஞ்சாவூர்க்காரருக்கு வீட்டின் பின்கட்டு. நமக்கு அது புன்செய் நிலம். மல்லாட்டைக் கொல்லை, முந்திரிக்கொல்லை. "கொல்லைக்குப் போயிருக்கிறார்" என்று நம் பக்கத்தில் சொன்னால் உழைக்கப் போயிருக்கிறார் என்று பொருள். கண்மணி குணசேகரனின் ஊர்ப் பெயரிலேயே அது இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் நம் வட்டாரத்து நாவலைப் படிக்கும் வெளியூர்க்காரர், பாத்திரங்கள் எல்லாரும் வீட்டின் பின்புறத்திலேயே வாழ்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வார். அதே போல மல்லாட்டை. வேர்க்கடலையை நாம் ஏன் இப்படிச் சொல்கிறோம்? மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து மல்லாக்கொட்டை ஆகி, மல்லாட்டை ஆயிற்று. மணிலாவோ பிலிப்பைன்சில் இருக்கிறது. துய்ப்ளெக்ஸ் காலத்தில் புதுச்சேரியிலிருந்து மணிலாவுக்கு வணிகக் கப்பல் போய்வந்தது. காலையில் அந்த நாட்குறிப்புக் கப்பல்களைப் படித்துவிட்டு, பிற்பகலில் வறுத்த மல்லாட்டையை உரிக்கும்போது, வாயில் போடுவது வெறும் கொட்டையாகத் தெரியவில்லை.

இரவுப் புத்தகம் 'அஞ்சலை'. என் அம்மாவுக்கு எண்பத்துநான்கு வயது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கிராமத்தில் பிறந்தவர். பார்வை மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. எட்டரை மணிக்குக் கஞ்சி குடித்ததும் திண்ணையில் பாயைப் போட்டுக்கொள்வார். நான் பத்துப் பக்கம் படிப்பேன். பெண் பார்க்க வந்தபோது கண்ணில் பட்டவன் ஒருவன், தாலி கட்டியவன் வேறொருவன் என்று தன் வாழ்க்கையின் வாசற்படியிலேயே ஏமாற்றப்பட்ட பெண்ணின் கதை அது. ஊர் வாய் அவளை விடாது துரத்துகிறது. அவள் உழைத்துக்கொண்டே இருக்கிறாள். நான் அந்த இடத்தைப் படித்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, தங்கள் ஊரிலும் அப்படி ஒரு கல்யாணம் நடந்தது என்றார். பெயரைச் சொல்லவில்லை.

முந்திரி வேலை வரும் பக்கங்களில் அவர் என்னை நிறுத்திவிடுவார். கொட்டை உடைக்கும்போது தோட்டிலிருந்து வரும் பால் கையைச் சுட்டுவிடும், அதனால் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள் என்று சொன்னார். பிறகு தம் வலது கையை விளக்குக்கு நேரே நீட்டினார். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேரும் இடத்தில் தோல் இன்னும் கறுத்துத் தடித்திருக்கிறது. அறுபது ஆண்டுகளாக நான் அந்தக் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறேன். அந்தக் கறுப்பு எதனால் வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு நாவல் வந்து கேட்கவைத்தது.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது அம்மாவின் பிறந்த வீட்டுக் கொல்லையில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மரம் போன பிறகு அவர் அந்த ஊருக்குப் போக விரும்பவில்லை. இப்போது, நாவலில் ஒரு மரத்தின் பேச்சு வந்தால், தங்கள் கொல்லையில் எந்த மரம் எந்த மூலையில் நின்றது, எது முதலில் காய்க்கும், எந்தப் பலாவின் சுளை தேனாக இருக்கும் என்று வரிசையாகச் சொல்கிறார். அன்றைக்குப் பத்துப் பக்கம் நான்கு பக்கமாகிவிடும். எனக்கு அதில் நட்டம் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இமையத்தின் 'செல்லாத பண'த்தைப் பாதியில் வைத்திருக்கிறேன். 2020-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். தீக்காயப் பட்ட மகளோடு ஒரு குடும்பம் புதுச்சேரி ஜிப்மரில் காத்திருப்பதுதான் கதை, பெரும்பகுதி பேச்சிலேயே நகர்கிறது. குறை நாவலிடம் இல்லை. ஒரு மருத்துவமனை வராந்தாவில் என் அண்ணனுக்காக நான் இருபது நாள் உட்கார்ந்திருக்கிறேன். தெரியாத குடும்பங்கள் ஒருவர் சோற்றை ஒருவர் பகிர்ந்துகொள்வதையும், லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் எல்லா முகங்களும் ஒரே பக்கம் திரும்புவதையும் பார்த்தவனுக்கு, அதை ஒரே வாரத்தில் படித்து முடிக்க முடியாது. முடிப்பேன், மெல்ல. உங்கள் வயதில் கட்டாயம் படிக்க வேண்டிய புத்தகம் அது.

அதே கண்மணி குணசேகரனின் 'நெடுஞ்சாலை'யை மூன்றாம் முறை படித்து முடித்தேன். போக்குவரத்துப் பணிமனையின் தற்காலிகத் தொழிலாளர்கள் பற்றியது. உள்ளே வேலை பார்த்தவரின் கை அது என்று ஒவ்வொரு பக்கமும் சொல்லும். புதுமைப்பித்தன் கதைகள் எப்போதும் தலைமாட்டில் உண்டு. திருநெல்வேலி எழுத்தாளர் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள்; பிறந்தது 1906-ல் நம் திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934-ல் பிறந்தது நாம் கூடும் இதே மஞ்சக்குப்பத்தில். நம் வட்டத்தில் ஒரு கூட்டமாவது இவர்கள் இருவருக்கும் என்று ஒதுக்க வேண்டுமென நெடுநாளாகச் சொல்லிவருகிறேன். நீங்களும் சேர்ந்து சொன்னால் நடக்கும்.

வெற்றிக்கு வழி சொல்லும் மொழிபெயர்ப்பு நூல் ஒன்றையும் உறவினர் பரிசாகத் தந்தார். நாற்பது பக்கம் படித்தேன். ஒரே கருத்து நான்கு உடுப்பு மாற்றி வந்தது. கொடுத்துவிட்டேன்.

நாட்குறிப்பின் தொகுதிகள் விலை கூடியவை. மாணவர் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. புதுச்சேரிக்குப் போகும்போது ரோமன் ரோலண்ட் நூலகத்தில் ஒரு பகல் உட்காருங்கள். 1827-ல் தொடங்கிய பழைய நூலகம் அது. வெளியே வந்ததும் ரங்கப்பிள்ளை வீதிக்கு நடந்துபோய், 1738-ல் அவர் கட்டிய வீட்டை வெளியிலிருந்தாவது பாருங்கள். 1748-ஐ உள்ளடக்கிய தொகுதியை அடுத்த கூட்டத்துக்கு நான் கொண்டுவருகிறேன். ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம். படிக்கும்போது தெரியாத சொல்லைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள், உட்கார்ந்து பார்ப்போம். அகராதியைக் கடன் தர முடியாது, தாள் தாங்காது. வீட்டுக்கு வந்து பாருங்கள்.

'அஞ்சலை' வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். என்னிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது, அம்மாவுக்கு இன்னும் எண்பது பக்கம் பாக்கி.